ஆலங்குட்டை பச்சையான விவரம்

டெல்லி,
புதன்கிழமை

என் மனைவியோடு கூடப் பிறந்த ஒரே காரணத்தால் என் மரியாதைக்கு உரியவனாகிவிட்ட மச்சான் ஜோதிலிங்கத்துக்கு, காத்தவராயன் இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொண்டது. நானும் உன் தங்கை பொன்னம்மாளும் இங்கே சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியான என் தங்கச்சியும் உன் பிள்ளை மதன் மாப்பிள்ளையும் சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்பது எனக்கு மட்டும் இல்லை, இப்போது அரசாங்கத்துக்கே தெரியும்.

இதைப் போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடுவாய். நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்து, கடைக்காரரிடம் அபிப்பிராயமும் கேட்டுவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். ஆகையால் வீட்டுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு படி. உன் தங்கை குடத்தோடும் ரப்பர் குழாயோடும் டாங்கர் வரிசைக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வர இரண்டு மணி நேரமாவது ஆகும். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் டீ கொடுக்கும் ஆபீஸ் தண்ணீர் சம்பந்தப்பட்டது என்று உனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக நானும் தண்ணீர் ஆபீஸ் என்றால் மோட்டார், குழாய், வால்வு என்றுதான் நினைத்திருந்தேன். இந்தச் சித்திரையில் என்னை மூன்றாவது மாடிக்கு மாற்றினார்கள். மச்சான், அங்கே நடப்பதைப் பார்த்துவிட்டு நான் மூன்று நாள் ஒழுங்காகச் சர்க்கரை போடவில்லை. ஒரு சுவர் அகலத்துக்குத் திரை. அதில் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் மொத்த நாட்டையும் மைசூர்பாகு போலச் சின்னச் சின்னக் கட்டமாக அறுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த நாள் எவ்வளவு மழை, மண்ணில் எவ்வளவு ஈரம், பயிர் எவ்வளவு பசுமை, எல்லாம் இருக்கிறது. எத்தனையோ வருஷத்துக் கணக்கு. உன் கல்யாணத்துக்கு முதல் நாள் ஐப்பசி மழையில் பந்தல் சரிந்து விழுந்து, சாம்பாரில் கீற்று மிதந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தேதியைத் தட்டச் சொன்னேன். தட்டினார்கள். நம் ஊர் மேல் கருநீலமாக ஒரு மை பரவியது பார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் பந்தல் விழுந்ததை இந்த நாடு குறித்து வைத்திருக்கிறது மச்சான். நாம்தான் வெட்கப்பட்டு மறந்துவிட்டோம்.

தேதியைத் தட்டியது அபூர்வா. அது யார் என்று கேள். நம் தமிழ்ப் பெண்தான். வீடு மயூர் விஹாரில். பிறந்தது வளர்ந்தது படித்தது எல்லாம் டெல்லி. டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறது, ஊசி போடுகிற டாக்டர் இல்லை, வறட்சிக்கு டாக்டர். தமிழ் பேசும். ஆனால் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடக்கிறவன் போல ஒவ்வொரு சொல்லாகத் தாண்டித் தாண்டித்தான் போகும். என்னை அங்கிள் என்று கூப்பிடும். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். வானத்தில் இரண்டு செயற்கைக் கோள் ஒன்றின் பின்னால் ஒன்று ஓடுகிறதாம். கீழே பூமியில் கனம் அதிகமான இடம் வந்தால் முன்னால் போவதை அது கொஞ்சம் இழுக்குமாம், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி முடியிலும் மெல்லிசாக மாறுமாம். அந்த மாற்றத்தை வைத்துப் பூமிக்குள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று எடை போடுகிறார்களாம். கையில் இருந்த பிளாஸ்கை நான் அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன். நாம் கிணற்றுக்குள் கல்லைப் போட்டு, சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம். அவன் மேலே ஓடிக்கொண்டே நிறுத்துப் பார்க்கிறான்!

"அப்போ எங்க மச்சான் கெணறு வத்திப்போனது மேல தெரியும்னு சொல்லு" என்றேன்.

"இல்ல அங்கிள். ஒரு கிணறு தெரியாது. நாலஞ்சு டிஸ்ட்ரிக்ட் சேர்த்துத்தான் தெரியும்."

"அவ்ளோ பெரிய ஆளுக்கு ஒரு கெணறு தெரியாதா?"

"அதுக்குத்தான் மனுஷங்களைக் கேக்கணும்" என்றது. பிறகு பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பியது. "மழை வரலேன்னா அது வறட்சி. ரிஸ்க் வேற அங்கிள். ரெண்டு ஊர், ரெண்டுலயும் மழை இல்ல. ஒரு ஊர்ல ஏரி ரொம்பி இருக்கு, வேற வேலையும் இருக்கு. இன்னொரு ஊர்ல ஒண்ணும் இல்ல. எது டேஞ்சர்?"

"எங்க ஊரு."

"ஜோக் அடிக்காதீங்க, நான் சீரியஸா சொல்றேன்."

"நானும் அப்படித்தாம்மா சொல்றேன்."

யோசித்துப் பார் மச்சான். மழை எவ்வளவு குறைந்தது என்று வானம் சொல்லிவிடும். குறைந்தால் இந்த வீடு தாங்குமா, எத்தனை மாதம் தாங்கும், முதலில் மாட்டை விற்பார்களா, பிள்ளையை வேலைக்கு அனுப்புவார்களா, இதையெல்லாம் வானத்திலிருந்து பார்க்க முடியாது. ஆகையால் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஆறு விவசாயிகளுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். வானம் சொல்வதையும் மனுஷன் சொல்வதையும் சேர்த்து அரைத்து, எந்த ஒன்றியம் தாங்காதோ அதற்குச் சிவப்பு, தாங்குவதற்குப் பச்சை. அதை வைத்துத்தான் நாட்டுக்குத் தண்ணீர்க் கொள்கை எழுதப் போகிறார்கள். சிவப்பாக இருக்கிற ஒன்றியங்கள்தான் முதல் பட்டியல். ஏரியைத் தூர்வாருவது, மதகு பார்ப்பது, வரத்துக் கால்வாயைச் சரிசெய்வது எல்லாம் முதலில் அவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு எப்போது என்று கேட்டேன். அபூர்வா உதட்டைப் பிதுக்கியது.

இனிமேல்தான் நாம் மூன்று பேரும் சேர்ந்து செய்த கூத்து வருகிறது. நம் ஒன்றியத்தின் ஆறு பேரில் மூன்று பேர் நம்பர் செத்துப்போயிருந்தது. இரண்டு பேர் எடுக்கவே இல்லை. ஒருத்தர் அபூர்வாவை ஓடிபி திருட வந்தவள் என்று முடிவு செய்து, அந்தப் பெண் பிறந்ததிலிருந்து கேட்டிராத தமிழையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார். அது முகம் சிவந்து, நான் டீ போடுகிற பேன்ட்ரிக்கு வந்தது. "அங்கிள், உங்க ஊர்ல தெரிஞ்ச ஃபார்மர் யாராவது இருக்காங்களா? உண்மை பேசறவரா வேணும்." நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உன் நம்பரைக் கொடுத்தேன். "எங்க மச்சான் தங்கமான ஆளும்மா. பொய் பேசவே தெரியாது" என்று ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று உன்னிடம் சொல்லவில்லை. பொன்னம்மாளிடமும் சொல்லவில்லை, அவளிடம் சொன்னால் உன்னிடம் சொன்ன மாதிரிதானே.

அதே வாரம் உன் தங்கை என்னிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்திருக்கிறாள். இங்கே துவாரகாவில் அவள் சமையலுக்குப் போகிற வீட்டுக்குத் தெரிந்த யாரோ தமிழ்க் குடும்பம் பெண்ணுக்கு இடம் பார்க்கிறதாம். மதன் பேரைச் சொல்லிவிட்டு உனக்கும் போன் போட்டிருக்கிறாள். "அண்ணே, டெல்லியிலேர்ந்து போன் வரும். நெலம், தண்ணி, மாடு, கண்ணு எல்லாம் விசாரிப்பாங்க. கொஞ்சம் எடுப்பா பேசு." விவசாயம் பார்க்கிற பையன் என்றாலே போனை வைத்துவிடுகிற காலத்தில், இருபத்தொன்பது வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நீ படுகிற பாடு எனக்குத் தெரியாதா? எனக்கு ஒரு பெண் இருந்திருந்தால் முறை என்று சொல்லி மதன் தலையில் கட்டியிருப்பேன், கிணற்றை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். இல்லாமல் போனது உன் தலையெழுத்து. ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிற நானும் அவளும் ஆளுக்கொரு ரகசியத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம். அந்த இரண்டு ரகசியமும் டெல்லியிலிருந்து கிளம்பி உன் ஒரே காதுக்குள் வந்து சேர்ந்தன.

போன வியாழக்கிழமை பெரிய கூட்டம். பதினெட்டுப் பேர். பெரிய சாகிப் நடுவில். நான் ட்ரேயோடு நுழைகிறேன், திரையில் நம் பக்கம் முழுக்க மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி சிவப்பு. நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் வாழையிலைத் துண்டு போலப் பளிச்சென்று பச்சை. சாகிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யே கியா ஹை, இது என்ன? மழையும் இல்லை, பூமிக்குள் தண்ணீரும் இல்லை, ஆனால் இவர்கள் மட்டும் எப்படித் தாங்குகிறார்கள்? கௌன்ஸா காவ், எந்த ஊர்?" என்று கேட்டார். அபூர்வா தாளைப் பார்த்து, "ஆலங்குட்டை சார்" என்றது. நம் ஒன்றியத்துக்கே உன் ஒருத்தன் பதில்தானே கிடைத்தது.

நான் இருந்த இடத்திலிருந்தே "ஹமாரா காவ் ஹை சாப்!", எங்கள் ஊர் என்று கத்திவிட்டேன்.

பதினெட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பதினோரு வருஷமாக என் கையில் இருக்கிற பிஸ்கட்டைப் பார்த்தவர்களே தவிர, என் முகத்தை யாரும் பார்த்தது இல்லை மச்சான். சாகிப் கேட்டார், "சச் மே, நிஜமாகவே உங்கள் ஊரில் தண்ணீர் இருக்கிறதா?" உண்மையைச் சொல்ல எனக்கு முழுசாக ஐந்து விநாடி இருந்தது. தெருக்குழாயில் காற்று வருவதைச் சொல்லியிருக்கலாம். போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு வாளித் தண்ணீரில் நானும் நீயும் மாப்பிள்ளையும் பங்கு போட்டுக் குளித்ததைச் சொல்லியிருக்கலாம். "பஹுத் பானி சாப்", ஏகப்பட்ட தண்ணீர் என்றேன். கை தட்டினார்கள். சாகிப் இரண்டாவது கப் டீ எடுத்துக்கொண்டார். இவ்வளவு எழுதி உன்னைத் திட்டப் போகிற நான், அந்த இடத்தில் உன் பொய்க்கு மேலே இன்னொரு பொய் போட்டவன் என்பதையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

அதோடு விட்டார்களா? "இதுதான் வழி! நாடு முழுக்க இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று சாகிப் மேஜையைத் தட்டினார். கொள்கை எழுதுகிற காகிதத்தில் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பெட்டி கட்டி, 'ஆலங்குட்டை வழி' என்று தலைப்புப் போட்டு, நீ பேசியதை இங்கிலீஷில் அச்சடித்துவிட்டார்கள். "தண்ணீர் எங்களுக்குக் கவலையே இல்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற பெண் குடத்தைத் தொடவே வேண்டாம்" என்று நீ சொன்னாயாமே? ஒரு அம்மாள் அதைப் படித்து மனம் உருகி, பெண்கள் முன்னேற்றமும் இந்த ஒரு ஊரிலேயே வந்துவிட்டது என்றார். காமிரா எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் உன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வரப் போகிறது. வந்தால் எதைக் காட்டுவாய்? ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆட ஸ்டம்பு நட்டு வைத்திருக்கிறார்களே, அதையா?

மறுநாள் அபூர்வா பேன்ட்ரிக்கு வந்தது. "ஒரு டவுட் அங்கிள். உங்க மச்சான் லாஸ்ட்ல ஒண்ணு கேட்டார். சர்வேல அது இல்ல" என்று சொல்லி நீ பேசியதைப் போட்டுக் காட்டியது. நான் கேஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து கேட்டேன். உன் குரல் கல்யாண மண்டபத்து மைக் மாதிரி வந்தது.

"உங்ககிட்ட எவ்ளோ நிலம் இருக்கு சார்?"

"அஞ்சு ஏக்கராம்மா. ஒரே பையன். பங்காளித் தகராறு கெடையாது."

"கிணத்துல தண்ணி எவ்ளோ ஆழத்துல?"

"ஆழமா? குனிஞ்சு மொள்ளலாம்மா."

"போர் எத்தனை?"

"மூணு." அது பொய் இல்லை. மூன்று இருக்கிறது, மூன்றிலும் புழுதி வருகிறது. அதை அந்தப் பெண் கேட்கவும் இல்லை, நீ சொல்லவும் இல்லை.

"மழை வராத வருஷம் மாடு வித்தீங்களா?"

"விக்கிறதா? எங்க வீட்டு லட்சுமிய வெளிய அனுப்புற பழக்கமே இல்லம்மா."

"சாப்பாடு கம்மி பண்ணீங்களா?"

"எங்க வூட்டுக்கு வந்த பொண்ணுங்க பெருத்துத்தான் பார்த்திருக்கேன், மெலிஞ்சு பார்த்ததில்ல."

"வேலைக்காக யாராவது ஊரை விட்டுப் போனாங்களா?"

"வேலைக்குன்னு யாரும் போகல. தங்கச்சி ஒண்ணு டெல்லியில இருக்கு. அது வீட்டுக்காரரு கவர்மென்ட்டுல பெரிய எடத்துல இருக்காரு."

கடைசியில் நீ கேட்கிறாய்: "நீ என்ன நட்சத்திரம்மா?"

அது பாவம், ஏதோ ஊர் மரியாதை என்று நினைத்து, "ரேவதி" என்கிறது.

"அமோகமா பொருந்துது! வச்சிடும்மா, நல்ல சேதியா சொல்லுங்க."

அபூர்வா என் முகத்தைப் பார்த்து நின்றது. "இதுக்கு என்ன மீனிங் அங்கிள்? இந்தியா ஃபுல்லா இவர் மட்டும்தான் கேட்டார்." எனக்குப் பொறி தட்டியது, அங்கிருந்தே பொன்னம்மாளுக்குப் போன் போட்டு அவள் ரகசியத்தைக் கறந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. "அப்போ நான் கேட்டது எல்லாம் பொண்ணு வீட்டுக் கேள்வியா?" "ஆமாம்மா. எங்க ஊர்ல பொண்ணு குடுக்கிறவங்க இதைத்தான் கேப்பாங்க. ஒன்னோட தாள்ல இருக்கிற கேள்வி ஒண்ணு விடாம." அதற்குப் பிறகு திடீரென்று சிரிப்பு நின்றுவிட்டது. "அங்கிள், டிராஃப்ட் ரெண்டு வாரத்துல மேல போயிடும். ஆலங்குட்டை பச்சையாவே போயிடும்."

மாற்றிவிடும்மா என்றேன். முடியாதாம். நான் சொன்னால் செல்லாது, கூட்டத்தில் 'பஹுத் பானி' என்று சொன்னவன் நான்தானே! பதில் சொன்னவனே தன் வாயால் திருத்திச் சொல்ல வேண்டும், அது பதிவாக வேண்டும், யாரும் சொல்லிக் கொடுக்கவும் கூடாது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அபூர்வா உனக்கு மறுபடியும் போன் போடும். நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை மச்சான். உன் கிணறு உன் வீட்டுக் கொல்லையில்தான் இருக்கிறது, போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசு என்றுதான் சொல்கிறேன். அதுவும் மறந்திருந்தால் தங்கச்சியைக் கேள். லாரித் தண்ணீர் வருகிற நாளில் விடியும் முன்னே குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் கல் மேல் உட்கார்ந்திருக்கிறதே, அதைவிட யாருக்கு நன்றாகத் தெரியும். மாடு இரண்டும் போனது, தொழுவத்தில் இப்போது மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள் நிற்பது, அவன் மூன்று மாதம் ஓசூர் கம்பெனிக்குப் போவதும் மூன்று மாதம் ஊரில் இருப்பதுமாக அல்லாடுவது, எதையும் விடாதே.

ஒன்று மட்டும் விளையாட்டு இல்லாமல் சொல்கிறேன். வேலைக்காக யாரும் ஊரை விட்டுப் போகவில்லை என்று சொன்னாயே, அந்த இடத்தில் நான் எழுந்து போய்க் கெட்டிலைக் கழுவினேன். கழுவின கெட்டில்தான், மறுபடியும் கழுவினேன். கிணறு முதன் முதலாக வற்றிய வருஷம், நாற்றங்கால் காய்ந்துபோய், ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் இரண்டு பேரையும் ஸ்டேஷன் வரைக்கும் வந்து வண்டி ஏற்றிவிட்டது நீதான். ஒரு வருஷம் போய்விட்டு வருகிறோம் என்றுதான் ஏறினோம். அந்தக் கேள்விக்குப் பதில் நான் மச்சான். ட்ரே தூக்குகிறவனைப் பெரிய இடத்தில் உட்கார வைத்த உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்தான். ஆனாலும் செவ்வாய்க்கிழமை என்னை அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிடு.

உனக்கு வெட்கமாக இருக்கும். ஊர் பேர் கெட்டுவிடும் என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்துப் பச்சையைப் பார்த்ததும் துள்ளினேன். பிறகு ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் அந்தத் திரைக்கு முன்னால் தனியாக நின்றேன். எத்தனை ஆயிரம் கட்டம், எத்தனை சிவப்பு! ராஜஸ்தான்காரன், மராட்டியன், கன்னடக்காரன், யாரோ என்னவோ, ஒவ்வொருத்தனும் போனை எடுத்து, "ஆமாம்மா, வற்றிவிட்டது, மாட்டை விற்றோம்" என்று முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறான். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை பேர் கௌரவத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொன்ன உண்மைதான் அந்தச் சுவர் முழுக்க ஒளி விட்டுக்கொண்டு நிற்கிறது. கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டேன். அவ்வளவு பெரிய படத்தில் பொய் நம்முடையது ஒன்றுதான் மச்சான்.

கல்யாண விஷயத்தில் நான் தலையிடவில்லை. துவாரகாக்காரர்கள் ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிற பையனைப் பிடித்துவிட்டார்களாம், அவர்கள் இனிமேல் பேச மாட்டார்கள். நமக்குப் பக்கத்து ஒன்றியத்திலேயே மேகலா என்று ஒரு பெண்ணைத் தரகர் சொல்லியிருப்பதாகப் பொன்னம்மாள் சொன்னாள். அவர்கள் கேட்டால் நீ உன் இஷ்டப்படி அளந்துவிடு. கிணற்றில் முதலை இருக்கிறது என்றுகூடச் சொல், நான் குறுக்கே வர மாட்டேன். அதாவது, டெல்லிக்கு உண்மை, சம்பந்திக்கு எடுப்பு. இரண்டையும் கலந்துவிடாதே. அபூர்வா இன்னொன்றும் சொன்னது. திருத்தம் என்று வந்தால் உள்ளூரிலிருந்து ஒரு ஆள் உறவுக்காரர்களுக்கும் போன் போட்டுச் சரிபார்ப்பாராம். எனக்கு வந்தால் நான் ஒரு துளிகூடப் பொய் சொல்ல மாட்டேன் என்று அந்தப் பெண்ணின் கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மற்றபடி, வரத்துக் கால்வாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டு நீ உறக்கம் கலைய வேண்டும், ஏரி தளும்பி மதகு திறக்க வேண்டும், மாப்பிள்ளை தலையில் அட்சதை விழ வேண்டும், தங்கச்சியின் இடுப்பு குடத்தை மறக்க வேண்டும் என்று நம் எல்லையம்மனை வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கையைக் கட்டிக்கொண்டு உன்னையும் சேர்த்துச் சுமக்கும்,
காத்தவராயன்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டுவதற்குள், வியாழக்கிழமை மத்தியானம், பேன்ட்ரியில் இருக்கும்போது நம் ஊர்ப் பக்கத்து நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. "காத்தவராயன்ங்களா? ஆலங்குட்டை ஜோதிலிங்கம் ஒங்க மச்சான்ங்களா? அவரு நெலம், தண்ணி வசதி பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்" என்றார். சரிபார்க்கிற ஆள் வந்துவிட்டார், இவ்வளவு சீக்கிரமா என்று எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். "எழுதிக்குங்க சார்" என்று ஆரம்பித்தேன். கிணற்றில் கல்லைப் போட்டால் புழுதி எழும்பும் என்றேன். மூன்று போரையும் ஒன்று ஒன்றாகச் சொன்னேன். மாடு போனதை, தங்கச்சி குடத்தை, மாப்பிள்ளை ஓசூருக்கும் ஊருக்கும் அலைவதைச் சொன்னேன். "அந்த வீட்டுல குளிக்கிறதுன்னா திருவிழா சார்" என்றும் சொல்லிவிட்டேன். "எழுதிட்டீங்களா சார்?" என்றேன்.

"நான் எழுதலீங்க" என்றார் அவர். "நான் சந்திரசேகர். மேகலாவோட அப்பா."

மச்சான், நான் சிலிண்டரைத் தேடினேன், உட்கார. "ஐயா, அது வந்து..." என்று இழுத்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். "இருங்க, இருங்க. போன வாரம் டெல்லியிலேர்ந்து ஒரு பொண்ணு எனக்குப் போன் போட்டுச்சு. திக்கித் திக்கித் தமிழ் பேசுச்சு. கெணறு எவ்ளோ ஆழம், மாடு எத்தினி, எல்லாம் கேட்டுச்சு. மாப்பிள்ளை வூட்டு ஆளுங்க டெல்லியில பெரிய எடத்துல இருக்காங்கன்னு தரகரு சொல்லியிருந்தாரு. நீங்கதான் ஆள் வெச்சு விசாரிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"என்னாங்க சொன்னீங்க?"

"என்ன சொல்லுவேன்? பொண்ணைப் பெத்தவன். கரும்பு போட்டிருக்கேன்னு சொன்னேன்."

போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடிப் போய்த் திரையைப் பார்த்தேன். நம் பக்கத்தில் நேற்றுவரை ஒன்றாக இருந்த பச்சை இன்றைக்கு இரண்டு. நமக்கு ஒட்டினாற்போல அவருடைய ஒன்றியம் இளம் பச்சையாகத் துளிர்த்திருக்கிறது. சாகிப் அதைக் காட்டி, ஆலங்குட்டை வழி அக்கம்பக்கத்துக்கும் பரவுகிறது என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். அங்கே தள்ளி ராஜஸ்தானில் ஒரு பச்சை, தெலுங்கு தேசத்தில் நாலைந்து, ஒடிசாவில் ஒன்று. இன்றைக்குக் காலை வரைக்கும் அங்கெல்லாம் தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் மச்சான். இப்போது பார்க்கிற இடத்திலெல்லாம் எனக்குக் கல்யாண வயதுப் பிள்ளைகள்தான் தெரிகிறார்கள். அபூர்வாவிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு, எல்லாப் பச்சைக்கும் முதலிலிருந்து போன் போட உட்கார்ந்துவிட்டது. இந்தத் தடவை முதல் கேள்வி, "உங்க வீட்ல கல்யாணம் பேசறீங்களா?"

ஆகையால் மேலே நான் எழுதியதில், சம்பந்திக்கு எடுப்பு என்ற இடத்தை அடித்துவிடு. எடுக்க இனிமேல் ஒன்றும் பாக்கி இல்லை, அத்தனையும் நானே இறக்கி வைத்துவிட்டேன். சந்திரசேகர் செவ்வாய்க்கிழமை உனக்கு அடுத்தபடியாக அபூர்வாவிடம் பேசித் திருத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஏழு இடம் பார்த்தாராம், ஏழு வீட்டிலும் கிணறு தளும்பியதாம், வற்றியது என்று சொன்ன முதல் வீடு நம்முடையதுதானாம். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். எத்தனை பேர் வருகிறோம் என்று மட்டும் நாலு நாள் முன்னாடியே சொல்லிவிட வேண்டுமாம், லாரித் தண்ணீருக்குச் சொல்லி வைக்க.